மண்டைக்குள் ஒரு ஜன்னல் – 12: ஆரோக்கியமான எட்டுப் பேர்

சென்ற இதழில் லிஸ்பன் நகரில் நின்றோம். மண்டை ஓட்டில் துளையிட்டு, உள்ளே கருவியை விட்டு, முன்மூளையின் நரம்பிழைகளை அறுக்கும் சிகிச்சையைக் கொண்டுவந்த எகாஸ் மோனிஸ், அதற்காகவே 1949-இல் நோபல் பரிசு வாங்கியதைப் பார்த்தோம். மனநோயாளியின் மூளையில் எது கெட்டிருக்கிறது என்று யாரும் கண்டறியாத காலத்திலேயே கத்தி முந்திக்கொண்டது. கண் எப்போது வந்து சேர்ந்தது? அதுதான் இந்த இதழின் கதை.

கதை ஒரு நாற்காலியில் தொடங்குகிறது.

நோயாளியை அதில் உட்காரவைத்து வார்களால் இறுக்கிக் கட்டுவார்கள். கீழ்முதுகில், தண்டுவடத்தைச் சுற்றி நீர் நிற்கும் இடம்வரை ஊசி இறங்கும். கொஞ்சம் கொஞ்சமாக அந்த நீரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காற்றை ஏற்றுவார்கள். காற்று மேல்நோக்கித்தானே போகும்? முதுகு வழியே ஏறி, மூளைக்குள் இருக்கும் அறைகளில் போய் நிற்கும். எல்லா மூலைக்கும் அது பரவ வேண்டும் என்று ஆளைச் சாய்ப்பார்கள், திருப்புவார்கள். ஒவ்வொரு நிலையிலும் ஓர் எக்ஸ்ரே. மண்டை பிளக்கிற வலி, குமட்டல், வாந்தி. படம் எடுத்து முடிந்தாலும் வேதனை முடியாது. உள்ளே போன காற்றை உடம்பு தானாக உறிஞ்சிக்கொள்ளும்வரை, நாள்கணக்கில் தலையைத் தூக்க முடியாமல் படுத்துக் கிடக்க வேண்டும்.

காற்று எடுத்த படம்

இவ்வளவு கொடுமைக்கும் ஒரு காரணம் இருந்தது. 1895-இல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ்ரே எலும்பை அழகாகக் காட்டியது. ஆனால் மண்டைக்குள் போனதும் அதற்குப் பார்வை மங்கிவிட்டது. மூளைச் சதையும் சரி, அதைச் சுற்றியிருக்கும் நீரும் சரி, எக்ஸ்ரேக்கு ஏறக்குறைய ஒன்றுதான். பாலில் கலந்த தண்ணீரைப் படம் எடுத்துப் பிரித்துக் காட்டு என்றால் எப்படி?

1913-இல் நியூயார்க்கில் வில்லியம் லக்கெட் என்ற மருத்துவர், மண்டை உடைந்து வந்த ஒருவரின் எக்ஸ்ரேயில் விசித்திரம் ஒன்றைக் கண்டார். எலும்பு முறிவு வழியே காற்று உள்ளே புகுந்திருந்தது. அந்தக் காற்று நின்ற இடங்கள் படத்தில் தெளிவாக விழுந்திருந்தன. விபத்து செய்த வேலையை வேண்டுமென்றே செய்தால் என்ன என்று நினைத்தவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வால்டர் டாண்டி. 1918-இல் மண்டை ஓட்டில் துளை போட்டுக் காற்றை ஏற்றினார். 1919-இல் முதுகு வழியே ஏற்றினார். மேலே சொன்ன நாற்காலி அந்த வழியில் வந்தது.

அந்தக் காற்று போய் நிற்கும் இடங்களைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்; இந்தக் கதை முழுக்க அவற்றைச் சுற்றித்தான் நடக்கப்போகிறது. மூளைக்குள் நான்கு அறைகள் உள்ளன. அவற்றில் தெளிந்த திரவம் ஓடிக்கொண்டிருக்கிறது. மூளை, தண்டுவடம் எல்லாவற்றையும் சேர்த்தால் அந்தத் திரவம் சுமார் 150 மில்லிதான், ஒரு சின்ன டம்ளர். மண்டை ஓடு பெருகாது, சுருங்காது. ஆகவே சுற்றியுள்ள மூளைச் சதை குறைந்தால், அந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும், அறை பெரிதாகும். அறை பெருத்திருந்தால் சதை குறைந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். சதையை நேரே பார்க்க முடியாதவர்கள், அதன் நடுவே இருக்கும் வெற்றிடத்தை அளந்தார்கள்.

1927-இல் ஜெர்மனியின் யேனா நகரில் யாகோபி, விங்க்லர் என்ற இரு மருத்துவர்கள் மனச்சிதைவு நோய் முற்றிய 19 பேருக்கு இந்தக் காற்றுப் படம் எடுத்தார்கள். காதில் குரல் கேட்பது, யாரோ தன்னைக் கண்காணிப்பதாக நம்புவது, பேச்சும் நினைப்பும் கோவையற்றுப் போவது என்று ஆளையே உருக்குலைக்கும் நோய் அது. 19 பேரில் 18 பேருக்கு மூளை அறைகள் பெருத்திருந்தன.

உலகம் அதிர்ந்திருக்க வேண்டும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. “பெருத்திருக்கிறது என்கிறீர்களே, யாரைவிட?” என்ற கேள்விக்கு அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. நோயில்லாத ஒருவரை அந்த நாற்காலியில் கட்டி, முதுகில் குத்தி, ஒரு வாரம் படுக்கையில் தள்ள எந்த மருத்துவருக்கு மனம் வரும்? எந்த ஆள்தான் சம்மதிப்பார்? ஆரோக்கியமான மூளையின் அறை எவ்வளவு பெரிது என்பதே தெரியாதபோது, நோயாளியின் அறை பெரிது என்று சொல்வதற்குப் பொருள் இல்லை. 1957-இல் கெர்ட் ஹூபர் என்ற மனநல மருத்துவர் இதே முறையில் இன்னும் விரிவாக ஆராய்ந்தார். கேள்வி அப்படியே நின்றது.

இடைப்பட்ட காலத்தில் பழி வேறு பக்கம் திரும்பியது. மூளையில் எதுவும் தென்படவில்லை என்றால் வீட்டில்தான் ஏதோ இருக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. உளப்பகுப்பாய்வாளர் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைஷ்மன் 1948-இல் பிள்ளைக்கு மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற கருத்தை எழுத்தில் வைத்தார். அடக்கி ஆள்பவள், அதே நேரம் ஒட்டாதவள், அப்படிப்பட்ட தாயின் வளர்ப்பே நோய்க்கு வித்து என்று ஒரு தலைமுறை மருத்துவர்கள் நம்பினார்கள். மகனை மருத்துவமனையில் விட்டுவிட்டு வீடு திரும்பிய அம்மாக்கள், நோயின் சுமையோடு குற்றத்தின் சுமையையும் தூக்கிக்கொண்டு போனார்கள். மூளையை அறுத்துப் பார்த்த நோயியலாளர்களுக்கும் கை வெறுமையாகவே திரும்பியது. இந்த நோய் நரம்பு நோயியலாளர்களின் இடுகாடு என்று 1972-இல் நரம்பியல் மருத்துவர் ஃபிரெட் பிளம் எழுதும் அளவுக்குச் சலிப்பு.

அவர் அப்படி எழுதியபோது, லண்டனில் ஒரு கருவி ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தது.

இசைத்தட்டுக் கம்பெனி

கிராமபோன் முன்னால் நாய் உட்கார்ந்திருக்கும் படம் போட்ட இசைத்தட்டுகளை நம் தாத்தா பாட்டிமார் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அந்த ஹெச்.எம்.வி.க்குத் தாய் நிறுவனமாக இருந்தது லண்டனின் இ.எம்.ஐ. அதன் ஆய்வகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவந்தவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். பண்ணையில் வளர்ந்தவர், மருத்துவம் படிக்காதவர்.

அவருடைய யோசனை எளிது. பூசணிக்காயை வெட்டாமலே அதன் குறுக்குவெட்டைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கமிருந்து மெல்லிய எக்ஸ்ரே கற்றையை அனுப்பி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று குறித்துக்கொள். கருவியை ஒரு பாகை திருப்பு. மறுபடி குறி. இப்படி 180 கோணங்களில், கோணத்துக்கு 160 அளவுகள் எடுத்தால் 28,800 எண்கள் கிடைக்கும். அவற்றைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால், உள்ளே எந்தப் புள்ளி எவ்வளவு அடர்த்தி என்று அது கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். எக்ஸ்ரே தகட்டில் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த சதையும் நீரும் எண்ணில் பிரிந்து வந்தன.

முதல் சோதனைக் கருவியில் ஒரு படம் எடுக்க 9 நாள் பிடித்தது. மாட்டு மூளையைப் பைக்குள் வைத்து லண்டன் பஸ், ரயில்களில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோவார் ஹவுன்ஸ்ஃபீல்ட். 1971 அக்டோபர் 1-ஆம் தேதி, விம்பிள்டன் பகுதியின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ் என்ற கதிரியக்க மருத்துவரின் மேற்பார்வையில் முதல் நோயாளி படுத்தார். முன்மூளையில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட பெண். தண்ணீர் நிரம்பிய பெட்டிக்குள் ரப்பர் உறையோடு தலையை நுழைத்துக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். ஊசி இல்லை, காற்று இல்லை, வாந்தி இல்லை. காந்த நாடாவில் பதிவான எண்கள் காரில் இ.எம்.ஐ. கம்ப்யூட்டருக்குப் போயின. திரும்பி வந்த படம் 80க்கு 80 கட்டங்கள் கொண்டது. இன்றைய கண்ணுக்குக் கோலப்புள்ளி மாதிரி இருக்கும். அதில் கட்டி வட்டமாகத் தெரிந்தது. அறுவைசிகிச்சையில் அதே இடத்தில் அது இருந்தது. ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், இதே கணக்கைத் தனியாக வகுத்திருந்த ஆலன் கார்மக்குக்கும் 1979-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கட்டியையும் ரத்தக்கசிவையும் கண்டுபிடிக்க வந்த இந்தக் கருவிதான் சி.டி. ஸ்கேன். மனநோய்க்கு அது திறந்த கதவு இன்னொன்று: நோயில்லாத ஒருவரிடம் போய், “கொஞ்ச நேரம் இதில் படுங்கள்” என்று முதல்முறையாகக் கேட்க முடிந்தது.

உங்கள் வயது என்ன?

லண்டனுக்கு வடமேற்கே ஹாரோவில் நார்த்விக் பார்க் மருத்துவமனை. அங்கிருந்த ஆய்வு மையத்தில் மனநோய்ப் பிரிவுக்குத் தலைவர் டிமோத்தி க்ரோ. அருகில் ஷென்லி என்ற பெரிய மனநல மருத்துவமனை இருந்தது. மனச்சிதைவு நோயோடு பல்லாண்டுகளாக அங்கேயே வாழ்ந்துவந்தவர்கள் ஏராளம்.

அவர்களிடம் கேட்கப்பட்ட ஒரு சாதாரணக் கேள்விதான் க்ரோவை யோசிக்கவைத்தது. “உங்கள் வயது என்ன?” ஐம்பதைத் தாண்டிய ஆள், இருபத்துச் சொச்சம் என்பார். பொய் சொல்லவில்லை, நடிக்கவில்லை. நோய் பிடித்து உள்ளே வந்தபோது இருந்த வயதிலேயே அவருடைய கணக்கு நின்றுபோயிருந்தது. நாள்பட்ட நோயாளிகளில் நால்வரில் ஒருவர் இப்படித் தன் வயதை ஐந்தாண்டுக்கு மேல் குறைத்துச் சொல்வதாகக் க்ரோவின் குழு கண்டது. அம்மா சரியாக வளர்க்காததால் ஒருவருக்கு வயது மறந்துபோகுமா? அறிவின் ஏதோ ஒரு சக்கரம் தேய்ந்திருக்கிறது என்றால், அது மூளையில் தடம் விட்டிருக்க வேண்டுமே?

ஈவ் ஜான்ஸ்டோன் என்ற இளம் மனநல மருத்துவர் அந்தத் தடத்தைத் தேடினார். ஷென்லியில் இருந்த 17 நோயாளிகளுக்கும், வயதில் அவர்களுக்கு ஈடான ஆரோக்கியமான 8 பேருக்கும் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. படத்தில் கறுப்பாகத் தெரியும் மூளை அறைகளின் பரப்பை அளந்தார்கள். நோயாளிகளின் அறைகள் பெரிதாக இருந்தன. அறை பெருத்தவர்களே அறிவுச் சோதனைகளிலும் அதிகம் தடுமாறினார்கள். 1976 அக்டோபரில் லான்செட் இதழில் கட்டுரை வந்தது.

யேனா மருத்துவர்கள் 49 ஆண்டுகளுக்கு முன் பார்த்ததுதான். இப்போது அதற்குப் பக்கத்தில் ஒப்பிட எட்டுப் பேர் இருந்தார்கள்.

அளவுகோல் யார்?

எதிர்ப்பு பலமாக இருந்தது. பல்லாண்டுகள் மருத்துவமனையில் அடைந்து கிடந்தவர்கள், மின்னதிர்ச்சி வாங்கியவர்கள், மாத்திரை விழுங்கியவர்கள். அறை பெருத்ததற்கு நோய் காரணமா, வைத்தியம் காரணமா? சந்தேகம் நியாயமானது. 1979-இல் வாஷிங்டனில் டேனியல் வைன்பெர்கரின் குழு, 50 வயதுக்குட்பட்ட 58 நோயாளிகளையும் 56 ஆரோக்கியமானவர்களையும் ஒப்பிட்டது. முடிவு அதேதான். பிறகு உலகெங்கும் ஆய்வுகள் குவிந்தன. சிலருக்கு வித்தியாசம் தெரிந்தது, சிலருக்குத் தெரியவில்லை.

ஏன் இந்தக் குழப்பம் என்பதற்கு 1986-இல் லான்செட்டிலேயே இரு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். நோயாளிகளை உற்றுப் பார்த்தது போதும், ஒப்பீட்டுக் குழுவைப் பாருங்கள் என்பது அதன் சாரம். தலைவலி என்று ஸ்கேனுக்கு வந்து, ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களையே பல ஆய்வுகள் ஆரோக்கியமானவர்கள் என்று எடுத்துக்கொண்டிருந்தன. அறை கொஞ்சம் பெரிதாக இருந்தவரை அந்தச் சான்றிதழ் முதலிலேயே கழித்துவிடும். சலித்தெடுத்த அரிசியோடு சலிக்காத அரிசியை ஒப்பிட்டுவிட்டு, இதில் கல் அதிகம் என்றால் சரியாகுமா?

படிப்பு, உயரம், தலையின் அளவு, குடி, சாப்பாடு என்று எதிலாவது வேறுபட்டால் ஒப்பீடு சாயும். எல்லாவற்றிலும் ஒத்துப்போகிற ஆளைத் தேடி எங்கே போவது?

பதினைந்து ஜோடிகள்

அப்படிப்பட்ட ஆள் தாயின் வயிற்றிலேயே கூட இருந்தவர்தான். ஃபுல்லர் டோரி என்ற அமெரிக்க மனநல மருத்துவருக்கு இந்த நோய் தன் வீட்டிலேயே அறிமுகம், தங்கைக்கு இருந்தது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் மனச்சிதைவு வந்திருக்கும் ஜோடிகளை அவர் சேர்த்தார். அதற்குள் எம்.ஆர்.ஐ. வந்துவிட்டது, அதில் எக்ஸ்ரே கதிர்வீச்சும் இல்லை என்பதால் ஆரோக்கியமானவரைப் படுக்கவைக்க இருந்த கடைசித் தயக்கமும் நீங்கியது.

15 ஜோடிகளின் படங்கள் எடுக்கப்பட்டன. இவற்றில் நோயாளி யார் என்று தெரியாத ஒருவர் முன் ஜோடி ஜோடியாக வைத்தார்கள். ஒரே மரபணு, ஒரே வீடு, ஒரே வயது; இரண்டு மூளைகள் பக்கத்துப் பக்கத்தில். கண்ணால் மட்டும் பார்த்து, நீர் நிற்கும் இடங்களை வைத்து, நோயாளி யார் என்று சொல்ல வேண்டும். 12 ஜோடிகளில் சரியாகச் சொல்ல முடிந்தது. 2 ஜோடிகளில் வித்தியாசம் தெரியவில்லை. ஒன்றில் தவறு. பிறகு கருவியால் அளந்தபோது, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி, 15-இல் 14 ஜோடிகளில் நோயுற்றவருக்கு இடப்பக்கம் சிறியதாக இருந்தது. 1990-இல் இது வெளியானது.

அந்த முடிவு ஒரே வீச்சில் இரண்டு வாதங்களை அசைத்தது. இருவரையும் வளர்த்தவள் ஒரே தாய், ஆனால் ஒருவருக்குத்தான் நோய். ‘தாய்தான் காரணம்’ என்ற பேச்சு ஏற்கெனவே தளர்ந்திருந்தது. இனி அது எழுந்து நிற்க வழியில்லை. மரபணுவே முழு விதி என்பவர்களுக்கும் பதில் கிடைத்தது. மரபணு ஒன்றாக இருந்தும் மூளைகள் வேறுபட்டிருந்தன.

நூற்றுக்கு அறுபது

இரட்டையரைக் காட்டி வாசகர் ஒருவர் கேட்கலாம்: அப்படியானால் ஸ்கேன் எடுத்தால் நோய் தெரிந்துவிடுமே? மனநல மருத்துவரின் மேஜையில் ஸ்கேன் உறையை வைத்துவிட்டு வீட்டார் கேட்கும் கேள்வியும் இதுதான். “படத்துல ஏதாச்சும் தெரியுதா டாக்டர்?”

எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு 2016-இல் 2,028 மனச்சிதைவு நோயாளிகளின் மூளைப் படங்களையும் ஆரோக்கியமான 2,540 பேரின் படங்களையும் சேர்த்து அளந்தது. நோயாளிகளுக்குச் சராசரியாக ஹிப்போகாம்பஸ் சிறிது, மூளையின் பக்க அறைகள் பெரிது. 1976-இன் கண்டுபிடிப்பு ஆயிரக்கணக்கான பேரிடம் உறுதியானது. ஆனால் வித்தியாசத்தின் அளவைப் பாருங்கள். ஒரு நோயாளியையும் ஓர் ஆரோக்கியமானவரையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தால், நோயாளியின் அறை பெரிதாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 60. காசைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும். மீதி 40 தடவை ஆரோக்கியமானவரின் அறைதான் பெரிதாக இருக்கும்.

இரட்டையரில் 15-க்கு 12 சரியாக வந்தது எப்படி? அங்கே ஒவ்வொரு நோயாளிக்கும் அவருக்கென்றே ஓர் அளவுகோல் பக்கத்தில் இருந்தது. ஊரில் மற்றவர்களுக்கு அது கிடையாது. மூக்கு, காது போல மூளையும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. நோய் உண்டாக்கும் வித்தியாசம் அந்த இயல்பான வேறுபாட்டுக்குள் மூழ்கிவிடுகிறது. கூட்டத்தின் சராசரியில் தெரிவது, தனி ஆளின் படத்தில் தெரிவதில்லை. ஆகவேதான் மருத்துவர்கள் இன்றும் நோயாளியோடும் வீட்டாரோடும் பேசித்தான் மனச்சிதைவைக் கண்டறிகிறார்கள். ஸ்கேன் எடுக்கச் சொன்னால், கட்டி, ரத்தக்கசிவு போன்ற வேறு காரணம் ஏதும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளத்தான்.

1976-இல் எழுந்த, வைத்தியமே காரணமோ என்ற சந்தேகமும் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. அயோவாவில் நான்சி ஆண்ட்ரியாசன் குழு, 211 நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, மொத்தம் 674 முறை எம்.ஆர்.ஐ. எடுத்தது. மருந்தை அதிகம் எடுத்துக்கொண்டவர்களுக்கு மூளைச் சதை சற்று அதிகமாகக் குறைந்திருப்பதாக 2011-இல் அறிவித்தது. சதை குறைவதில் நோயோடு மருந்துக்கும் ஒரு சிறு பங்கு இருக்கலாம் என்பதே இதன் பொருள். மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம் என்பதும் உண்மை. வாசகர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரைச் சீட்டைக் கிழிக்க வேண்டாம்.

நோயில்லாதவர்களின் குணம், அறிவுத்திறன் ஆகியவற்றை மூளை அமைப்போடு முடிச்சுப் போட்ட ஆய்வுகளுக்குக் கணக்கு இன்னும் கடுமையாக வந்தது. அவற்றில் பல, இருபத்தைந்து பேரை வைத்துக்கொண்டு பெரிய முடிவு சொன்னவை. சுமார் 50,000 பேரின் படங்களைச் சல்லடை போட்ட ஓர் ஆய்வு 2022-இல் நேச்சர் இதழில் வந்தது. இத்தகைய தொடர்புகளை நம்பும்படி காட்ட ஆயிரக்கணக்கானோர் வேண்டும் என்றது அது.

ஆயிரக்கணக்கானோர் வரவும் செய்தார்கள். பிரிட்டனின் யு.கே. பயோபேங்க் 2014-இல் பொதுமக்களுக்கு ஸ்கேன் எடுக்கத் தொடங்கி, 2025 ஜூலையில் 1,00,000-ஆவது ஆளைத் தொட்டது. கூலிக்காக வந்தவர்கள் இல்லை. தனக்கு ஒன்றும் ஆகாதபோதும், யாரோ ஒருவருடைய மூளைக்குத் தன் மூளை அளவுகோலாக இருக்கட்டும் என்று மேஜையில் ஏறிப் படுத்தவர்கள்.

வரலாறு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரை எழுதிவைத்திருக்கிறது, ஜான்ஸ்டோன், க்ரோ பெயர்களையும் எழுதிவைத்திருக்கிறது. 1976 ஆய்வுக்காக ஸ்கேன் கருவிக்குள் தலையை வைத்த எட்டுப் பேர் அந்த ஏட்டில் ஒரு எண்ணிக்கை மட்டுமே. யேனாவின் 19 நோயாளிகள் அத்தனை வலியைத் தாங்கியும் சொல்ல முடியாததை, வலியே இல்லாமல் சொல்லிவிட்டுப் போனவர்கள் அவர்கள்.

அடுத்த இதழில்: நோயே இல்லாத 16 பேர். எல்லோரும் லண்டன் டாக்ஸி டிரைவர்கள். 25,000 தெருக்களை மனப்பாடம் செய்த தலைக்குள் என்ன நடந்தது? எலினார் மகுவைர் திறந்துபார்த்த ஜன்னல்.

(தொடரும்)